ஒத்து ஊதுவோனும் ஓர் இசைவாணனே
(பேஸ் கிதார் கற்கத் தொடங்கும் மாணவர்க்குச் சில குறிப்புகள்)

"அவனுக்கென்ன, ஒத்து ஊதுகிறவன்தானே!" என்று ஒருவனைப் பழித்துப் பேசுவது நம் நாட்டு வழக்கம். தனக்கென்று ஒரு கருத்தின்றிப் பிறர் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பவன் என்பது அதன் பொருள். ஆனால், இவ்வழக்கு எங்கிருந்து பிறந்தது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. நாகசுரக் கச்சேரியில் நாகசுரக்காரரின் அருகே ஒருவர் ஒரே சுருதியை இடைவிடாமல் ஊதிக்கொண்டிருப்பார். அவர் கையிலுள்ள கருவிக்கு ஒத்து என்று பெயர். அவருக்கு மாலை விழுவதில்லை. அவரை யாரும் பெயர் சொல்லிப் புகழ்வதில்லை. எனினும், அவருடைய மூச்சு ஒரு கணம் தவறினால் நாகசுரக்காரரின் ஆலாபனை நிலமில்லாத வீடு போல் ஆகிவிடும்.

மேலை இசைக்குழுக்களில் ஏறக்குறைய இந்த இடத்தில் நிற்பதுதான் பேஸ் கிதார். இதை நான் விரும்பி ஏற்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் மன்றத்துப் பொங்கல் விழாவுக்கென ஓர் இசைக்குழு அமைத்தோம். கிதார் வாசிக்க மூவர் முன்வந்தனர். பேஸ் வாசிக்க ஒருவரும் வரவில்லை. மூவரில் கைத்திறன் குறைந்தவன் நான். ஆகவே அது என் தலையில் விழுந்தது. "நான்கு கம்பிதானே, நீ சமாளித்துக்கொள்வாய்" என்றார்கள். அன்று அதை அவமானமாகவே கருதினேன். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதையும், அதை நான் எவ்வாறு உணர்ந்தேன் என்பதையும் சொல்லி, புதிதாகக் கற்போர்க்கு வழியும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவி பிறந்த கதை

பழைய நடன இசைக்குழுக்களில் தாழ்ந்த ஒலிக்கு டபுள் பேஸ் என்னும் பெருங்கருவியே இருந்தது. வயலின் குடும்பத்தில் மூத்தது அது. ஆள் உயரம் நிற்கும். தூக்கிச் செல்வது கடினம். முரசும் ஊதுகருவிகளும் முழங்கும்போது அதன் ஒலி அமிழ்ந்துவிடும். சுரத்தானங்களைக் காட்டும் மெட்டுகள் அதன் கழுத்தில் இல்லையாதலால், விரல் சற்று விலகினாலும் சுரம் பிசகும். 1951-இல் அமெரிக்காவில் லியோ பெண்டர் என்பவர் இக்குறைகளுக்கு விடை கண்டார். டபுள் பேஸின் நான்கு கம்பிகளை ஒரு மின்கிதாரில் ஏற்றி, கழுத்தில் மெட்டுகளையும் பதித்தார். மெட்டு இருப்பதால் சுரம் துல்லியமாக நிற்கும் என்பதைக் குறிக்கவே அதற்குப் 'பிரிசிஷன் பேஸ்' எனப் பெயரிட்டார். அவருக்கு முன்பே 1930களில் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் இத்தகைய கருவியைச் செய்ததுண்டு; ஆனால் அது பரவவில்லை.

இங்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியும் முதலில் கிதார்க்காரரே. 1961-இல் அக்குழுவின் பேஸ் வாசிப்பவர் விலகியபோது அவ்விடத்தை அவர் ஏற்றார். பின்னர் உலகின் சிறந்த பேஸ் வாசிப்பாளர்களுள் ஒருவரானார். ஆகவே, பேஸ் தலையில் விழுந்ததே என்று வருந்துவோர் ஆறுதல் கொள்ளலாம்.

கொல்கத்தாவும் கிதாரும்

நாம் வாழும் இந்நகரம் கிதாருக்குப் புதிதன்று. 1940களில் டாவ் மோ என்னும் ஹவாய்த் தீவுக் கலைஞர் இங்கு வாழ்ந்து வாசித்தார். மடியில் கிடத்தி உலோகத் துண்டால் கம்பியைத் தேய்த்து வாசிக்கும் ஹவாயன் கிதார், அதன்பின் வங்காளி இல்லங்களில் வீட்டுக் கருவி போலாயிற்று. அதில் இரவீந்திர சங்கீதம் வாசித்துப் புகழ்பெற்றோர் உளர். அதே காலத்தில் கிராண்டு ஓட்டலில் அமெரிக்கப் பியானோக் கலைஞர் டெடி வெதர்போர்டு ஜாஸ் குழு நடத்தினார். அவர் 1945-இல் இந்நகரிலேயே காலமானார்.

பின்னர் வந்தது பார்க் தெருவின் காலம். 1960களின் இறுதியில் அங்குள்ள டிரிங்காஸ் உணவகத்தில், புடவையும் பெரிய பொட்டுமாக நின்று ஆங்கிலப் பாடல்களைப் பாடிய பெண் நம்மவரே. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, உஷா ஐயர் என்று அறிமுகமாகி, உஷா உதூப் என்று நாடறிந்தவர் அவர். 1974-இல் 'ஹை' என்னும் ராக் குழு இங்கு எழுந்தது. திலீப் பாலகிருஷ்ணன் பாட, நந்தன் பாக்சி முரசடிக்க, லூ ஹில்ட் பேஸ் வாசித்தார். 1975-இல் வங்க மொழியிலேயே புதுவகைப் பாடல்களைப் பாட 'மொஹீனேர் கோராகுலி' குழு தோன்றியது. அதில் பிரதீப் சட்டோபாத்யாய பேஸ் கிதாரும் புல்லாங்குழலும் வாசித்தார். பாடகரின் பெயரை அறிந்தவர் பலர். பேஸ் வாசித்தவரின் பெயரை அறிந்தவர் சிலர். ஒத்துக்காரரின் கதைதான் இங்கும்.

கருவி வாங்க விரும்பும் மாணவர் லால்பஜார் அருகே இரவீந்திர சரணிக்கோ, பிரீ ஸ்கூல் தெரு என்று இன்றும் வழங்கும் மிர்சா காலிப் தெருவுக்கோ செல்லலாம். பழைய கருவியாயினும் தாழ்வில்லை. ஆனால் மூன்றைச் சோதியுங்கள். முதலாவது, கழுத்து வளைந்துள்ளதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரண்டாவது, ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டிப் பாருங்கள்; எங்கேனும் கம்பி மெட்டில் உராய்ந்து 'கிர்' என்று ஒலித்தால் ஏனென்று கேளுங்கள். மூன்றாவது, பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் வெறுங்கம்பியின் மேல் ஷட்ஜம் சரியாக வரவேண்டும். வாங்கியபின், இந்நகரின் மழைக்கால ஈரத்தை மறவாதீர். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளைத் துடைத்து வையுங்கள். இல்லையேல் துரு ஏறும்.

கருவியின் அமைப்பு

பேஸ் கிதாருக்குக் கம்பிகள் நான்கு. தடித்த கம்பியிலிருந்து அவற்றை இ, ஏ, டி, ஜி என்பர். கம்பியின் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம். கை சிறியதாக உள்ளவர்க்கு 30 அங்குலக் கருவியும் உண்டு. தடித்த 'இ' கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. 'ஏ' 55 முறை, 'டி' 73 முறை, 'ஜி' 98 முறை. சாதாரணக் கிதாரின் கீழ் நான்கு கம்பிகளும் இதே சுரங்களே. ஆனால் ஒரு ஸ்தாயி உயர்ந்தவை. நம் முன்னோர் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று தானங்களைப் பிரித்தனர். பேஸ் கிதாரின் வீடு மெலிவு.

கம்பியின் கீழே உடலில் பதிந்திருக்கும் கறுப்புக் கட்டைக்குள் காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் உள்ளன. எஃகுக் கம்பி காந்தத்தின் மேல் அதிரும்போது சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. ஒலிபெருக்கியின்றி மீட்டினால் அருகிலிருப்பவர்க்கும் மெலிதாகவே கேட்கும். விடுதி அறையில் பயில்வோர்க்கு இது ஒரு வரமே!

கருநாடக இசை சிறிதேனும் அறிந்த மாணவர்க்கு இக்கருவி மிக எளிது. எவ்வாறெனின், ஒரு கம்பியை ஷட்ஜமாகக் கொண்டால் அடுத்த கம்பி அதன் சுத்த மத்திமம். நான்கு கம்பிக்கும் இதே முறை. ஆதலால் ஒரு கம்பியின் ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் அடுத்த வெறுங்கம்பியின் சுரம் வரும். சுருதி சேர்க்க இதுவே வழி. கைப்பேசியில் சுருதி காட்டும் செயலிகள் உள்ளனவே என்பீர்கள். உண்மை. எனினும் முதலில் காதால் சேர்த்து, பின்பு செயலியால் சரிபாருங்கள். காது பழகாமல் கை பழகுவதில் பயனில்லை.

இன்னும் இரண்டு உறவுகளை மனத்தில் இருத்துங்கள். எந்த இடத்தை ஷட்ஜமாகக் கொண்டாலும், அடுத்த மெல்லிய கம்பியில் இரண்டு மெட்டு மேலே பஞ்சமம். அதற்கும் அடுத்த கம்பியில், தொடங்கிய மெட்டிலிருந்து இரண்டு மெட்டு மேலே, மேல் ஷட்ஜம். ச, ப, மேல் ச என்னும் இம்மூன்று இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தொடக்கூடியவன், எளிய பாடல்கள் பலவற்றுக்குத் துணை நிற்கக்கூடியவன்.

கைப் பழக்கம்

வலக்கைப் பெருவிரலைக் காந்தக் கட்டையின் மேலோ தடித்த கம்பியின் மேலோ ஊன்றுங்கள். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டாலும் மாறி மாறி மீட்டுங்கள். கம்பியைப் பிடித்து மேலே இழுக்காமல், விரல் அதன் குறுக்கே நகர்ந்து அடுத்த கம்பியில் வந்து ஓயவேண்டும். ஜேம்ஸ் ஜேமர்சன் என்னும் அமெரிக்க மேதை சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டினார் என்பதும் உண்மை. ஆனால் மேதைகளின் வழி தொடக்கத்தார்க்கு உரியதன்று.

இடக்கைப் பெருவிரல் கழுத்தின் பின்புறத்தில் தளர்ந்திருக்கட்டும். மற்ற விரல்களால் மெட்டின் மீது அழுத்தாமல், மெட்டுக்குச் சற்றுப் பின்னே அழுத்துங்கள். அங்கு அழுத்தினால் சிறு விசையே போதும். முதல் சில வாரங்களில் விரல் நுனி நோகும். பின்னர் தோல் தடித்துவிடும். ஆனால் மணிக்கட்டில் வலி தோன்றினால் உடனே நிறுத்துங்கள். அது பயிற்சியின் நோவன்று. பிடி தவறு என்னும் எச்சரிக்கை.

நம் வழக்கப்படி மாயாமாளவகௌளையில் தொடங்க வேண்டா. சங்கராபரணத்தில் தொடங்குங்கள். காரணம் உண்டு. இந்த இராகத்தின் எட்டுச் சுரங்களும் நான்கு மெட்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. மெட்டுக்கு ஒரு விரல். கையை நகர்த்தவே தேவையில்லை. 'ஏ' கம்பியின் மூன்றாம் மெட்டில் நடுவிரலை வையுங்கள். அது ஷட்ஜம். பிறகு வருமாறு வாசியுங்கள்:

ச — ஏ கம்பி, 3-ஆம் மெட்டு, நடுவிரல்
ரி — ஏ கம்பி, 5-ஆம் மெட்டு, சுண்டுவிரல்
க — டி கம்பி, 2-ஆம் மெட்டு, சுட்டுவிரல்
ம — டி கம்பி, 3-ஆம் மெட்டு, நடுவிரல்
ப — டி கம்பி, 5-ஆம் மெட்டு, சுண்டுவிரல்
த — ஜி கம்பி, 2-ஆம் மெட்டு, சுட்டுவிரல்
நி — ஜி கம்பி, 4-ஆம் மெட்டு, மோதிரவிரல்
ச — ஜி கம்பி, 5-ஆம் மெட்டு, சுண்டுவிரல்

ஏறியவாறே இறங்குங்கள். வாசிக்கும்போது வாயால் சுரம் பாடுங்கள். கமகம் இப்போது வேண்டா. பாட்டுப் பயின்ற நம் மாணவர்க்கு ஒவ்வொரு சுரத்தையும் அசைக்கவே கை துடிக்கும், எனக்கும் துடித்தது. பேஸ் அசைந்தால் அதன்மேல் நிற்பவர் எல்லாரும் அசைவர் என்பதை நினைவிற் கொள்க.

மௌனமும் பாடமே

கம்பியை ஒலிக்கச் செய்வது பாதிப் பாடம். ஒலியை நிறுத்துவது மறுபாதி. தடித்த கம்பி எளிதில் ஓயாது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது முதற் சுரம் தொடர்ந்து முழங்கினால், இரண்டும் கலந்து சேறாகிவிடும். இடக்கை விரலை முழுதும் எடுத்துவிடாமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் ஒலி அடங்கும். வாசியாத கம்பிகளையும் விரலால் தொட்டு அடக்கி வையுங்கள்.

இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். தாளக் கருவியை நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். நான்கு அடிக்கு ஒரு சுற்று. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் இத்தகைய சுற்று இரண்டு அடங்கும். முதல் அடியில் மட்டும் ஒரு சுரம் மீட்டி, இரண்டாம் அடி பிறக்கும் அதே கணத்தில் அடக்குங்கள். மீதி அடிகளில் ஒன்றும் வாசியாதீர், மனத்தில் எண்ணுங்கள். பார்வைக்குக் குழந்தை விளையாட்டு. ஐந்து நிமிடம் தவறாமல் செய்து பாருங்கள், புரியும். முதலடிக்குச் சற்று முன்னதாகவே கை பாய்ந்துவிடும். வெறுமையைப் பொறுத்துக்கொள்ள நமக்குத் தெரிவதில்லை.

இந்தப் பாடத்தைத்தான் நான் புறக்கணித்தேன். இரிப்பன் தெருவில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதியவர் ஒருவர், ஆங்கிலோ-இந்தியர், நாங்கள் 'அங்கிள்' என்று அழைப்போம். ஒரு திங்கள் முழுவதும் இதையே வாசிக்கச் சொன்னார். எனக்குச் சலிப்பு. பொங்கல் விழா வந்தது. லேக் மார்க்கெட் பக்கத்து அரங்கு ஒன்றில் ஊர்த் தமிழர் எல்லாம் கூடியிருந்தனர். பாடியவள் முதலாண்டு மாணவி. மேடை அவளுக்குப் புதிது. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில், 'நானும் இருக்கிறேன்' என்று காட்ட எண்ணிப் பத்துப் பன்னிரண்டு சுரங்களை விரைவாக அள்ளி இறைத்தேன். முதலடி எங்கே விழுந்தது என்பது அவளுக்குத் தெரியவில்லை. எடுப்பைத் தவறவிட்டாள், மீண்டும் எடுத்தாள், சுருதி போயிற்று. பாதிப் பாட்டில் கண் கலங்கி நின்றுவிட்டாள். அரங்கினர் அவளுக்குத்தான் திறமையில்லை என்று எண்ணினர்.

மறுநாள் அங்கிளிடம் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "நீ எத்தனை சுரம் வாசித்தாய் என்று யாராவது எண்ணினார்களா? அந்தப் பெண் விழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள்" என்றார். பிறகு தாளக் கருவியை 60-இல் வைத்தார்.

தாங்குவது மட்டுமா?

பேஸ் வெறும் ஒத்து மட்டும் அன்று. ஒத்து மாறுவதில்லை, பேஸ் மாறும். அம்மாற்றத்தில் அதன் ஆற்றல் இருக்கிறது. ஒரு சோதனை செய்யுங்கள். நண்பர் ஒருவரை ஆர்மோனியத்தில் சங்கராபரணக் காந்தாரத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே ஷட்ஜத்தை மீட்டுங்கள், மகிழ்ச்சி தோன்றும். அவர் கையை எடுக்க வேண்டா. நீங்கள் மட்டும் ஷட்ஜத்தை விட்டுக் கீழ்த் தைவதத்துக்குச் செல்லுங்கள். அவர் பிடித்த சுரங்கள் அவையே. ஆயினும் துயரத்தின் சாயல் படர்ந்துவிடும். மேலே நிற்பவர் என்ன சொல்கிறார் என்பதைக் கீழே நிற்பவர் முடிவு செய்கிறார்!

நம் திரையிசையில் இதை முழுதும் உணர்ந்தவர் இளையராசா. அவர் தாமும் ஒரு கிதார்க் கலைஞர். வங்கத்தின் சலீல் சௌத்ரிக்குக் கிதார் வாசித்தவர். 1980களில் வந்த அவர் பாடல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகரை மறந்துவிட்டு, அடியில் ஓடும் பேஸை மட்டும் பின்தொடருங்கள். அது தனியாக ஒரு பாட்டாகவே நடக்கும். ஆனால் குரலின் காலை ஒருபோதும் மிதிக்காது. அப்பாடல்கள் பலவற்றில் பேஸ் வாசித்தவர் சசிதரன். இரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் பேஸையும் அவ்வாறே கேளுங்கள். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டால் அடித்தளம் காதில் விழாது. காதணி ஒலிப்பான் தேவை.

தாளத்தோடும் பேஸுக்கு உறவுண்டு. முரசுக்காரர் காலால் மிதித்து ஒலிக்கும் பெருமுரசைக் கவனியுங்கள். அவர் கால் விழும் கணமும் உங்கள் விரல் மீட்டும் கணமும் ஒன்றானால், கேட்போர்க்கு இரண்டு ஒலி தோன்றாது. ஒரே பேரொலி தோன்றும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் குழல், யாழ், தண்ணுமை முதலிய கருவிகள் ஒன்றை ஒன்று பின்பற்றி இணைந்த முறையை இளங்கோவடிகள் விளக்கியிருக்கிறார். தன் ஒலியை மட்டும் கேட்பவனுக்கு அவ்விணைப்பு கைகூடாது.

மூன்று திங்கள் திட்டம்

நாள்தோறும் அரைமணி நேரம் போதும். ஞாயிறன்று மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதைக் காட்டிலும் இது மேலானது. சுருதி சேர்க்க ஐந்து நிமிடம். சங்கராபரணம் பத்து நிமிடம். மேற்சொன்ன மௌனப் பயிற்சி பத்து நிமிடம். ஒரு பாடலைக் கேட்டு அதன் அடிச்சுரத்தைத் தேட ஐந்து நிமிடம். முதல் திங்களில் வேகம் வேண்டா. இரண்டாம் திங்களில் ச, ப, மேல் ச மூன்றையும் கழுத்தின் எல்லா இடங்களிலும் தேடிப் பழகுங்கள், மாயாமாளவகௌளையையும் முயலலாம். மூன்றாம் திங்களில் கட்டாயம் பிறரோடு சேர்ந்து வாசியுங்கள். பாடத் தெரிந்த ஒரு தோழர் போதும். பேஸ் கிதாரைத் தனியே வாசித்தால் சில நாட்களில் சலிக்கும். பலர் கைவிடுவது இதனால்தான். துணைக்கென்று பிறந்த கருவி துணையோடுதான் இனிக்கும்.

அடுத்த ஆண்டுப் பொங்கலுக்கு அதே மாணவியைப் பாட அழைத்தோம். முதலில் மறுத்தாள், பின்னர் இசைந்தாள். அன்று நான் வாசித்தவை மிகச் சில சுரங்களே. பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் மூன்று அடி பொறுத்து, முதலடியில் ஒரே ஷட்ஜம். பாட்டு முடிந்ததும் கைத்தட்டல் எழுந்தது. பெரியவர்கள் அவளைச் சூழ்ந்து வாழ்த்தினர். கிதார் வாசித்தவனையும் பாராட்டினர். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் மட்டும் வந்தாள்.

"அண்ணா, இன்றைக்கு எந்த இடத்திலும் எனக்குப் பயமே வரவில்லை" என்றாள்.

நண்பர்களே, நம் மன்றத்தில் பாடுவோர் பலர் இருக்கின்றனர், தாங்குவோர்தாம் குறைவு. அடுத்த விழாவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. நான்கு கம்பியும் ஒரு தாளக் கருவியும் தேடிக்கொண்டு வாருங்கள், 60-இல் தொடங்குவோம்.